வொண்டெல் எழுதிய இரண்டு வாசல்கள்: ஆம்ஸ்டர்டாம் குடிமக்கள் அநாதை இல்லம், 1520–1960

ஆம்ஸ்டர்டாமின் நெரிசலான கடைத்தெரு கால்வர்ஸ்ட்ராட். அதன் 92ஆம் எண்ணில், துணிக்கடைகளுக்கு நடுவே ஒரு கல் வாசல் நிற்கிறது. 1581இல் எழுந்த வாசல் அது. மேலே யோஸ்ட் யான்ஸ் பில்ஹாமர் செதுக்கிய புடைப்புச் சிற்பம்: பரிசுத்த ஆவியைக் குறிக்கும் புறாவைச் சுற்றி அநாதைக் குழந்தைகள். சிற்பத்தின் கீழ் நான்கு வரிப் பாட்டு. டச்சு மொழியின் பெருங்கவிஞர் யோஸ்ட் வான் டென் வொண்டெல் எழுதியது. அதன் பொருள் இது:

"எண்ணிக்கையும் பாரமும் ஏறிக்கொண்டே போகின்றன;
எங்கள் இரண்டாம் தந்தையர் புலம்புகிறார்கள்.
ஐயோ, சுமையில் கொஞ்சம் தாங்காமல்
இந்த வாசலைத் தாண்டிப் போகாதீர்கள்."

இரண்டாம் தந்தையர் என்பது இல்லத்தின் அறங்காவலர்களை. பக்திப் பாட்டு எழுத வேண்டிய இடத்தில் வொண்டெல் வரவுசெலவுக் கணக்கை எழுதியிருக்கிறார். ஆள் கூடுகிறது, செலவு கூடுகிறது, வரவு போதவில்லை. 1520 வாக்கில் தொடங்கி 1960 வரை, ஏறத்தாழ 440 ஆண்டு இந்த இல்லம் இயங்கியது. இடையில் நகரத்தின் மதம் மாறியது, கொள்ளைநோய் வந்தது, பிரெஞ்சு ஆட்சி வந்து போனது. இத்தனைக்கும் ஈடுகொடுத்து நின்றது எப்படி, எங்கே சறுக்கியது என்பதைக் கணக்கு, கட்டடம், நுழைவு விதி ஆகிய மூன்றின் வழியே பார்ப்பதுதான் இந்த ஆய்வு. இரக்கம் தொடக்கத்துக்குக் காரணமாக இருந்திருக்கலாம். 440 ஆண்டு சோறு போட அது மட்டும் போதாது.

தொடக்கமும் இடமாற்றமும்

ஹாஸ்ய கிளாஸ் என்ற பெண்மணி 1520 வாக்கில் கால்வர்ஸ்ட்ராட்டில் ஒரு வீட்டை அநாதைகளுக்கு என ஒதுக்கியதாக நகர மரபு சொல்கிறது. அப்போது ஆம்ஸ்டர்டாம் சிறிய கத்தோலிக்கத் துறைமுகம். ஊரில் ஒரு வீடு போதுமானதாக இருந்தது.

1578 மே மாதத்தில் கத்தோலிக்க நகரசபை வெளியேற்றப்பட்டு ஆட்சி புராட்டஸ்டன்ட்களின் கைக்கு மாறியது. டச்சு வரலாற்றில் இதை 'மாற்றம்' என்ற ஒரே சொல்லால் குறிக்கிறார்கள். நகரெங்கும் இருந்த கன்னிமடங்களும் துறவியர் மடங்களும் நகரசபையின் சொத்தாயின. மருத்துவமனை, முதியோர் இல்லம், சிறைச்சாலை எல்லாம் இந்த மடங்களில்தான் குடியேறின. குடிமக்கள் அநாதை இல்லத்துக்குக் கிடைத்தது புனித லூசியா கன்னிமடம். 1580இல் குழந்தைகள் அங்கே போனார்கள். இன்றும் பக்கத்துச் சந்தின் பெயர் சிந்த் லூசியன்ஸ்டேக், அதாவது புனித லூசியா சந்து.

இந்த இடமாற்றம் பெரிய கொடை. நகர நடுவில், மதில் சூழ்ந்த, கிணறும் சமையற்கூடமும் படுக்கைக் கூடமும் ஏற்கெனவே உள்ள வளாகம் ஒன்று கட்டுமானச் செலவே இல்லாமல் கைக்கு வந்தது. கன்னிமடத்தின் அமைப்பு அநாதை இல்லத்துக்கு அப்படியே பொருந்தியது: உள்நோக்கிய முற்றம், தெருவுக்கு முதுகு, ஒன்றிரண்டு வாசல்.

அப்போது நகரத்தில் ஏறத்தாழ 30,000 பேர். 1622இல் ஒரு லட்சத்தைத் தாண்டியது. 1660களில் இரண்டு லட்சம். வொண்டெலின் புலம்பலுக்குப் பின்னால் இருப்பது இந்த ஏற்றம்தான்.

உள்ளே வர யாருக்கு உரிமை

பெயரிலேயே விதி இருக்கிறது. டச்சில் இது 'பர்கர்வேஸ்ஹௌஸ்'. 'பர்கர்' என்றால் நகரத்தில் வசிப்பவர் என்று பொருளில்லை; முறைப்படி குடியுரிமை பெற்றவர் என்று பொருள். அந்த உரிமை பிறப்பால் வரும், குடிமகனின் மகளை மணந்தால் வரும், இல்லையேல் பணம் கட்டி வாங்க வேண்டும். 1650இல் அதன் விலை 50 கில்டர் (கில்டர் என்பது டச்சு நாணயம்). கைவினைத் தொழிலாளி ஒருவரின் பல வார வருமானம் அது. வாங்கிய மறுநாளே பயன் கிடைக்காது. பெற்றோர் சில ஆண்டுகளாவது குடிமக்களாக இருந்திருந்தால்தான் பிள்ளைக்கு இல்லத்தில் இடம்.

எனவே குடியுரிமைக் கட்டணத்தை இன்றைய கண்ணால் பார்த்தால் ஆயுள் காப்பீட்டுத் தவணை போல இருக்கிறது. ஒரு தச்சரோ தையற்காரரோ 50 கில்டர் கட்டியபோது, கைவினைஞர் சங்கத்தில் சேரும் உரிமையோடு, தான் செத்தால் பிள்ளைகள் தெருவுக்கு வரமாட்டார்கள் என்ற உறுதியையும் வாங்கினார்.

இங்கே இரண்டு நிறுவனங்களைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். 'வேஸ்காமர்' என்பது அநாதைச் சொத்து மன்றம். குழந்தைகளை அது வளர்க்கவில்லை. தாயோ தந்தையோ விட்டுச்சென்ற சொத்தைப் பிள்ளை வயதுக்கு வரும்வரை காப்பதே அதன் வேலை. ஓவியர் ரெம்பிரான்ட் 1656இல் திவாலாகும் தறுவாயில், கடன்காரர்கள் கைக்குப் போகுமுன் தன் வீட்டை மகன் டைட்டஸ் பெயருக்கு மாற்ற முயன்றது இந்த மன்றத்தில்தான். சொத்துள்ள பிள்ளைக்கு மன்றம். சொத்துக் குறைந்த குடிமகனின் பிள்ளைக்கு இல்லம். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இந்த மன்ற முறையைக் கடல் கடந்தும் கொண்டுபோனது: பத்தாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) 1624இல் தொடங்கியது, பிறகு கொழும்பிலும் நடந்தது.

குடியுரிமை இல்லாதவரின் பிள்ளைகள், தெருவில் விடப்பட்ட சிசுக்கள் ஆகியோருக்கு இந்த வாசல் மூடியே இருந்தது. அவர்களை 1613இல் அமைந்த தர்மகர்த்தர் குழு ஏற்றது. 1666இல் பிரின்சன்ஹ்ராஹ்ட் கால்வாய்க் கரையில் அவர்களுக்கெனப் பெரிய கட்டடம் முடிந்தது. அதன் பெயர் 'ஆல்மூசனியர்ஸ்வேஸ்ஹௌஸ்', அதாவது தர்மகர்த்தர் அநாதை இல்லம். ஒரே நகரம், ஒரே கொள்ளைநோய், இரண்டு அநாதை இல்லங்கள். இரண்டுக்கும் உணவிலும் இடவசதியிலும் எதிர்காலத்திலும் பெரிய இடைவெளி இருந்தது. இதைச் சொல்லாமல் குடிமக்கள் இல்லத்தின் நல்ல சாப்பாட்டைப் பாராட்டுவது பாதிக் கதைதான்.

சேர்க்கையின் முதல் வேலை குழந்தையைக் குளிப்பாட்டுவதோ உடுத்துவதோ மட்டுமல்ல, பெற்றோர் விட்டுச்சென்ற பொருள்களைப் பட்டியலிடுவதும்தான். கட்டில், படுக்கை, பாத்திரம், கருவி, கடன், வரவேண்டிய பாக்கி எல்லாம் எழுதப்படும். பிள்ளையின் பராமரிப்புக்கு இந்தச் சொத்திலிருந்து வருவது எவ்வளவு என்று தீர்மானிக்க இது தேவைப்பட்டது. அந்தப் பட்டியல்கள் இன்று நகர ஆவணக் காப்பகத்தில் உள்ளன. 18ஆம் நூற்றாண்டின் சாதாரணத் தொழிலாளி வீட்டில் என்ன இருந்தது என்பதற்கு இவற்றைவிட நேரடியான சான்று அரிது. ஏழை வீடுகளிலும் தேநீர்ப் பாத்திரம், காப்பிக் குடுவை, சீனப் பீங்கான் கிண்ணம், பருத்தித் துணி என்று ஆசிய வணிகத்தின் தடம் தெரிகிறது. 'சிட்ஸ்' என்று டச்சுக்காரர்கள் அழைத்த அச்சுச் சீட்டித் துணியில் பெரும் பங்கு சோழமண்டலக் கரையிலிருந்து போனது. அதற்கான கம்பெனியின் தலைமையிடம் முதலில் பழவேற்காடு, 1690 முதல் நாகப்பட்டினம்.

நாடகக் கொட்டகை போட்ட சோறு

வரவினங்களில் தனித்துச் சொல்ல வேண்டியது நாடகம். வாடகை வீடுகள், உயில் கொடைகள், உண்டியல், கடன் பத்திர வட்டி எல்லா ஊர் அநாதை இல்லங்களுக்கும் இருந்தன. நாடக அரங்கின் உரிமையாளராக ஒரு அநாதை இல்லம் இருந்தது ஆம்ஸ்டர்டாமின் தனித்தன்மை.

1617இல் மருத்துவரும் நாடகாசிரியருமான சாமுவேல் கோஸ்டர், கைசர்ஸ்ஹ்ராஹ்ட் கால்வாய்க் கரையில் மரத்தாலான ஒரு கலைக்கழகத்தைத் தொடங்கினார். நுழைவுக் கட்டண வருமானத்தில் ஒரு பங்கு அநாதை இல்லத்துக்கு என்று ஏற்பாடு. தர்மத்துக்குப் பணம் போகிறது என்றால் புராட்டஸ்டன்ட் சபைக் குருமார்களின் எதிர்ப்பைச் சமாளிக்கலாம் என்பது கணக்கு. எதிர்ப்பு இருந்தும் ஏற்பாடு நிலைத்தது. 1622இல் இல்லமே கட்டடத்தை வாங்கிக்கொண்டது. போட்டி நாடகக் குழுவின் வருமானம் முதியோர் இல்லத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. 1632இல் இரண்டு குழுக்களும் இணைக்கப்பட்டன. அதிலிருந்து பங்கீடு தெளிவானது: லாபத்தில் மூன்றில் இரண்டு பங்கு அநாதை இல்லத்துக்கு, ஒரு பங்கு முதியோர் இல்லத்துக்கு.

மரக் கட்டடம் போதாமல் போனதும் அறங்காவலர்கள் துணிந்து முதலீடு செய்தார்கள். அறங்காவலர்களில் ஒருவர் நிக்கோலாஸ் வான் காம்பன். அவருடைய உறவினர் யாக்கோப் வான் காம்பன் அப்போதைய முதன்மைக் கட்டடக் கலைஞர், பின்னாளில் 13,659 மரக்கம்பங்கள் மேல் ஆம்ஸ்டர்டாம் நகர மண்டபத்தை எழுப்பியவர். அவர் வரைந்த நாடக அரங்கம் 1638 ஜனவரி 3ஆம் நாள் திறந்தது. முதல் நாடகம் வொண்டெலின் 'ஹைஸ்பிரெக்ட் வான் ஆம்ஸ்டெல்'. முந்தைய கிறிஸ்துமஸுக்கே திறந்திருக்க வேண்டியது. நாடகத்தில் கத்தோலிக்க வழிபாட்டுக் காட்சிகள் இருப்பதாகச் சபைக் குழு எதிர்த்ததால் சில நாள் தள்ளிப்போனது. நகரசபை இறுதியில் அனுமதி கொடுத்தது. நாடகம் நின்றால் அநாதைகளின் வரவும் நிற்கும் என்ற வாதத்துக்கு எதிராக எந்த நகரத் தலைவராலும் நெடுநாள் பேச முடியவில்லை.

அந்த அரங்கின் வாசலுக்கும் வொண்டெல்தான் வரி எழுதினார்: "உலகம் ஒரு நாடக மேடை, ஒவ்வொருவரும் தம் வேடத்தை ஆடித் தம் பங்கைப் பெறுகிறார்." 'பங்கு' என்ற சொல்லை வாழ்க்கையின் ஊதியம் என்று படிப்பது வழக்கம். அரங்கின் உரிமையாளர் யார் என்று தெரிந்தவர்களுக்கு அதில் மூன்றில் இரண்டு பங்கும் கேட்கும்.

1664–65இல் அரங்கு இடித்துக் கட்டப்பட்டது. பறக்கும் தேர், மாறும் திரைக்காட்சி, மேகத்திலிருந்து இறங்கும் தெய்வம் போன்றவற்றுக்கான கயிறு, கப்பி, சட்டங்கள் கொண்ட புதிய மேடை வந்தது. தர்ம நிறுவனம் ஒன்று இத்தகைய மேடைப் பொறிகளுக்குச் செலவிட்டது சரியா என்று கேட்கலாம். கூட்டம் அதற்குத்தான் வந்தது. கூட்டம் வந்தால்தான் பங்கு.

இந்த வரவின் பலவீனமும் அங்கேயே இருந்தது. 1672இல் பிரெஞ்சுப் படை நாட்டுக்குள் புகுந்தது. டச்சுக்காரர்கள் 'பேரழிவு ஆண்டு' என்று சொல்லும் ஆண்டு அது. அரங்கு மூடப்பட்டது, 1677 வரை திறக்கவில்லை. ஐந்தாண்டு ஒரு காசு வரவில்லை. ஊர் நன்றாக இருக்கும்போது மட்டுமே வரும் வருமானம் அது; அநாதைகள் பெருகுவதோ ஊர் கெட்டிருக்கும்போது. 1772 மே 11ஆம் நாள் நாடகம் நடந்துகொண்டிருக்கையில் தீப்பிடித்து அரங்கு முழுதும் எரிந்தது, பார்வையாளர்களும் மாண்டார்கள். மெழுகுவர்த்தியும் எண்ணெய் விளக்கும் வரைந்த திரைச்சீலையும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் அந்தக் காலத்தில் இது எந்த அரங்கிலும் நடக்கக்கூடியதே. எரிந்த இடத்தில் வாசல் மட்டும் மிஞ்சியது. புதிய அரங்கு 1774இல் லைட்ஸப்லைன் சதுக்கத்தில் எழுந்தது.

இரண்டு முற்றம், நடுவே ஓர் ஓடை

வளாகத்தைப் புரிந்துகொள்ள நடுவில் ஓடிய பெஹைனன்ஸ்லூட் என்ற சிறு நீரோடையிலிருந்து தொடங்க வேண்டும். ஒருபுறம் பெண்கள் முற்றம், மறுபுறம் ஆண்கள் முற்றம். ஓடையே வேலி. பின்னாளில் அதைத் தூர்த்துவிட்டார்கள்; அருங்காட்சியகம் ஆனபோது அந்தத் தடத்தின் மேல் கண்ணாடிக் கூரை போட்டு, நகரக் காவல்படையினரின் பெரிய குழு ஓவியங்களைத் தொங்கவிட்டார்கள். அந்த ஓவியக் கூடம் ஏன் அவ்வளவு நீளமாகவும் குறுகலாகவும் இருக்கிறது என்பதற்கு ஓடைதான் விடை.

பெண்கள் முற்றத்தை 1634–35இல் யாக்கோப் வான் காம்பன் மாற்றியமைத்தார். தரையிலிருந்து கூரை விளிம்புவரை இரண்டு மாடியையும் ஒரே வீச்சில் தழுவும், பண்டைக் கிரேக்கத்தின் அயோனிய பாணி அரைத்தூண்கள், ஒரே அளவில் அடுக்கிய உயரமான சன்னல்கள். வீண் அலங்காரம் இல்லை. மாளிகைக்கு உரிய இலக்கணத்தில் அநாதைப் பெண்களின் முற்றத்தைக் கட்டினார்கள் என்பதில் நகரத்தின் பெருமிதமும் இருந்தது, விளம்பரமும் இருந்தது. கொடையாளர் உள்ளே வந்து பார்ப்பார். பார்த்தவர் உயில் எழுதும்போது நினைப்பார்.

ஆண்கள் முற்றத்தில் கவனிக்க வேண்டியவை தூண்வரிசை நடையும், சுவரோடு ஒட்டிய சின்னச் சின்ன மர அலமாரிகளும். பையன்கள் பகலில் நகரத்துக்குள் தொழில் பழகப் போனார்கள். மாலையில் திரும்பியதும் கருவிகளைப் பூட்டி வைக்க ஆளுக்கொரு பெட்டகம். இந்த இல்லத்தின் கல்விமுறையை விளக்க அந்த அலமாரிகளே போதும். படிப்பு உள்ளே, தொழில் வெளியே, கருவிகளுக்கு முற்றத்தில் ஓர் இடம்.

கட்டுமானத்தில் ஒரு நடைமுறைச் செய்தி. ஆம்ஸ்டர்டாமின் மேல்மண் சதுப்பும் களியும். ஏறத்தாழ 12 மீட்டர் ஆழத்தில்தான் முதல் உறுதியான மணற்படுகை. ஊசியிலை மரக்கம்பங்களை அதுவரை இறக்கி, தலைகளை நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே அறுத்து, மேலே பலகை பரப்பிச் செங்கல் சுவர் எழுப்புவார்கள். நீருக்குள் இருக்கும்வரை மரம் நூற்றாண்டுகள் தாங்கும். நீர்மட்டம் இறங்கிக் கம்பத்தின் தலை காற்றுப்பட்டால் பூஞ்சை தின்னத் தொடங்கும். சுவர் ஒருபக்கம் அமிழும். வெவ்வேறு காலத்தில் கட்டிய பகுதிகள் ஒட்டி நிற்கும் இத்தகைய வளாகத்தில் ஒவ்வொன்றும் தன் வேகத்தில் அமிழ்வதால் விரிசல் இணைப்புகளில்தான் முதலில் தெரியும். நகரத்தின் எந்தப் பழைய கட்டடத்தைப் பழுதுபார்த்தாலும் செலவின் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத அடித்தளத்தில் போவது இதனால்தான்.

அன்றாடம்

மேல்நிர்வாகம் இரட்டை. ஆண் அறங்காவலர்கள் பணம், சொத்து, ஒப்பந்தம் பார்த்தார்கள். பெண் அறங்காவலர்கள் சமையல், துணிமணி, பெண்பிள்ளைகளின் தையல் வேலை, பணிப்பெண்கள் ஆகியவற்றைப் பார்த்தார்கள். இருதரப்பும் நகரின் செல்வந்தக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள், ஊதியம் இல்லை. பதவியின் பலன் கௌரவமும், தங்கள் குழு ஓவியம் சுவரில் தொங்குவதும். யாக்கோப் பாக்கர் 1633–34இல் பெண் அறங்காவலர்களை வரைந்த ஓவியத்தில் ஓர் அநாதைச் சிறுமியும் இருக்கிறாள். கறுப்புப் பட்டும் வெள்ளைக் கழுத்துப்பட்டையும் அணிந்த பெண்மணிகளுக்கு நடுவே அவளுடைய உடை தனியாகத் தெரியும்.

அன்றாடத்தை நடத்தியது சம்பளத்துக்கு அமர்த்திய தம்பதி. டச்சில் அவர்களை 'உள் அப்பா', 'உள் அம்மா' என்று அழைத்தார்கள். வொண்டெல் சொன்ன இரண்டாம் தந்தையருக்குக் குழந்தைகளின் பெயர் தெரிந்திருக்குமா என்பது ஐயம்; உள் அப்பாவுக்குத் தெரிந்திருக்கும்.

உணவில் கோதுமைக்கு உறவான தானியமான ரை ரொட்டி, வெண்ணெய், மோர், கஞ்சி, பட்டாணி, அவரை, மீன், உப்பிட்ட இறைச்சி, குடிக்க மெல்லிய பீர். நம்பிக் குடிக்க நல்ல தண்ணீர் கிடைக்காத கால்வாய் நகரத்தில் பீர்தான் குழந்தைகளுக்கும் அன்றாடப் பானம். டச்சில் நவம்பர் மாதத்துக்குப் பழைய பெயரே 'அறுப்பு மாதம்'. கால்நடைகளை அப்போது வெட்டி உப்பிட்டால்தான் குளிர்காலம் கடக்கும். கைவினைஞர் வீட்டுச் சாப்பாட்டுக்கு இது குறையவில்லை. குழந்தைகள் கைவினைஞர் வர்க்கத்திலிருந்து வந்தவர்கள், அதே வர்க்கத்துக்கே திரும்ப வேண்டியவர்கள்; அதற்குத் தக்கபடி ஊட்டினார்கள். ஆனால் தட்டில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம அளவு இல்லை. உடலுழைப்புக்குப் போகும் பையன்களுக்குக் கூடுதல்.

பையன்களுக்கு எழுத்து, வாசிப்பு, கணக்கு; பிறகு நகரத்தில் ஒரு தச்சர், செருப்புத் தைப்பவர், தையற்காரர், பீப்பாய் செய்பவரிடம் தொழில் பழகல். பையன் ஈட்டும் கூலி இல்லத்துக்கு வரும். பெண்பிள்ளைகள் பெரும்பாலும் உள்ளேயே தங்கிப் பின்னலும் தையலும் செய்தார்கள்; வெளி ஆர்டருக்குத் தைத்த துணியின் கூலியும் இல்லக் கணக்கில் சேர்ந்தது. ஒரு பையனின் பயிற்சிக்காலத் தொடக்கம் இல்லத்துக்கு நட்டம், முடிவு லாபம். தேர்ச்சி பெறுமுன் வெளியேறினால் கணக்கு உதைக்கும். இளைஞர்கள் இருபதைத் தாண்டியும் இங்கே தங்கியிருந்ததை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

உடை பாதி சிவப்பு, பாதி கறுப்பு. நெடுக்குவாட்டில் பிரித்த நகரச் சின்னத்தின் நிறங்கள். அறத்தின் அடையாளம் என்று சொல்லிக்கொண்டாலும் அது கண்காணிப்புக் கருவி. மதுக்கடையில் நின்றால் ஊரே பார்க்கும். ஓடிப்போனால் ஒளிய முடியாது. இதே உடைதான் 19ஆம் நூற்றாண்டு ஓவியர்களை ஈர்த்தது. ஜெர்மானிய ஓவியர் மாக்ஸ் லீபர்மான் 1881–82இல் பெண்கள் முற்றத்தில் மரநிழலில் தையலும் ஓய்வுமாய் இருக்கும் பிள்ளைகளை வரைந்தார். டச்சு ஓவியர் டெரேஸ் ஷ்வார்ட்ஸ 1885இல் மூன்று பெண்களை வரைந்தார். அந்த ஓவியங்களில் அழகாகத் தெரியும் சிவப்பு, அணிந்தவர்களுக்குத் தெருவில் 'அநாதை' என்று எழுதிய பலகை. 1919இல்தான் அதைக் கைவிட்டார்கள். மிகத் தாமதம்.

பாரம் ஏறிய ஆண்டுகள்

1664இல் கொள்ளைநோய்க்கு ஆம்ஸ்டர்டாமில் 24,000 பேருக்கு மேல் இறந்தார்கள். எட்டில் ஒருவர் என்று சொல்லலாம். ஒரே வீட்டில் இரு பெற்றோரும் போகும் நோய் அது. சேர்க்கை ஒரே ஆண்டில் குவியும். செலவு அதன்பின் பதினைந்து ஆண்டு நீளும். எட்டு ஆண்டில் 1672 வந்தது, நாடக வரவு நின்றது. நோயில் அநாதையான பிள்ளைகள் இன்னும் உள்ளேதான் இருந்தார்கள்.

அதைவிடப் பெரிய அடி 1810இல். நிலவாடகையைவிடப் பாதுகாப்பானது என்று தர்ம நிறுவனங்கள் தலைமுறை தலைமுறையாக அரசுக் கடன் பத்திரங்களில் பணம் போட்டிருந்தன. நெப்போலியன் ஹாலந்தைப் பிரான்சோடு இணைத்ததும், அரசுக் கடனுக்கான வட்டியை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்து ஆணையிட்டார். விளைவைப் புரிந்துகொள்ள ஒரு மாதிரிக் கணக்கு: 1,00,000 கில்டர் பத்திரத்துக்கு 2½ விழுக்காடு வட்டி என்றால் ஆண்டுக்கு 2,500 கில்டர். ஆணைக்குப் பின் 833. ரொட்டி விலையோ குழந்தைகளின் எண்ணிக்கையோ குறையவில்லை. 1814இல் புதிய அரசு கடனை, வட்டி தரும் 'செயற்கடன்', வட்டி தராத 'ஒத்திவைத்த கடன்' என்று இரண்டாகப் பிரித்தது. மூன்றில் இரண்டு பங்கு ஒத்திவைத்த பக்கம் போனதால் பழைய வருமானம் திரும்பவில்லை. வரவைப் பல இடங்களில் பரப்பியிருந்த இல்லங்கள் தள்ளாடியபடி தப்பின. வாடகை வீடுகளும் உயில் கொடைகளும் கையில் இருந்தது குடிமக்கள் இல்லத்துக்கு அப்போது உதவியது.

தர்மகர்த்தர் இல்லத்துக்கு அந்த அரண் இல்லை. அது பொதுப்பணத்தை நம்பி நின்றது. ஜெனரல் யோஹானஸ் வான் டென் பாஸ் 1818இல் தொடங்கிய நலச்சங்கம் வடகிழக்கின் கரிமண் காட்டில் ஏழைகளுக்குக் குடியேற்றங்கள் அமைத்தது. 1820களில் அரச ஆணைப்படி நகரங்களின் அநாதைகளும் கண்டெடுத்த பிள்ளைகளும் அங்கே வேன்ஹைசன் குடியேற்றத்துக்கு அனுப்பப்பட்டார்கள். செலவைக் குறைக்க எடுத்த முடிவு. குழந்தைகள் பழகிய தெரு, உறவு, தொழில் எல்லாவற்றையும் ஒரே நாளில் இழந்தார்கள். பிரின்சன்ஹ்ராஹ்ட் கட்டடம் காலியாகி நீதிமன்றமாயிற்று. நுழைவில் போட்ட குடியுரிமைக் கோடு இருநூறு ஆண்டுக்குப் பின் இப்படி வெட்டியது.

குடிமக்கள் இல்லத்தில் வளர்ந்தவர்களில் நாடறிந்த பெயர் யான் வான் ஸ்பைக். 1802இல் பிறந்தவர், தையல் பழகி, பிறகு கடற்படையில் சேர்ந்து கிழக்கிந்தியத் தீவுகளில் பணியாற்றினார். 1831 பிப்ரவரி 5ஆம் நாள் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் பெல்ஜியப் புரட்சியாளர்கள் அவருடைய பீரங்கிப் படகில் ஏறியபோது, வெடிமருந்துக்குத் தீவைத்துப் படகோடு மாண்டார். நாடே அவரைக் கொண்டாடியது. இல்லத்துக்கு அது பெரும் புகழ். அந்தப் படகில் அவரோடு செத்த மாலுமிகளை யாரும் அவ்வளவாக நினைப்பதில்லை.

1960க்குப் பிறகு

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் மருத்துவமும் சமூகக் காப்பீடும் முழு அநாதைகளின் எண்ணிக்கையை வெகுவாகக் குறைத்திருந்தன. இல்லத்துக்கு இப்போது வந்தவர்களில் பெற்றோர் உயிரோடிருந்தும் வீட்டில் வாழ முடியாத பிள்ளைகள் அதிகம். நூற்றுக்கணக்கானோருக்கான படுக்கைக் கூடங்கள் அவர்களுக்குப் பொருந்தவில்லை. 1960இல் இல்லம் நகரின் தெற்கு விளிம்புக்குப் போனது. டச்சுக் கட்டடக் கலைஞர் ஆல்டோ வான் ஐக் வரைந்த அந்தக் கட்டடம் 125 குழந்தைகளுக்கானது. 3.36 மீட்டர் சதுரக் கட்டங்கள், ஒவ்வொன்றின் மேலும் சிறு கவிகைக் கூரை. 300க்கு மேற்பட்ட கவிகைகள். எட்டுக் குழுக்கள், ஒவ்வொன்றுக்கும் தனி வீடு, எல்லாவற்றையும் இணைக்கும் உள்தெரு. பழைய முற்றத்தின் ஒற்றைப் பேரமைப்புக்கு நேர் எதிரான விடை. கட்டடக் கலை மாணவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள். ஆனால் குழந்தைகள் நலக் கொள்கை மறுபடி மாறியதால் இல்லமாக அது சில பத்தாண்டுகளே நீடித்தது. 1980களில் இடிக்கும் திட்டம் வந்து, கட்டடக் கலைஞர்கள் போராடிக் காப்பாற்றினார்கள்.

பழைய வளாகம் பழுதுபார்க்கப்பட்டு 1975இல், நகரத்தின் 700ஆம் ஆண்டில், ஆம்ஸ்டர்டாம் வரலாற்று அருங்காட்சியகமாகத் திறந்தது. 2022இல் பெரும் புதுப்பிப்புக்காக அதை மூடினார்கள். கண்காட்சி ஆம்ஸ்டெல் நதிக்கரையில் ஆம்ஸ்டெல்ஹோப்புக்கு மாறியது. 1683இல் முடிந்த அந்தக் கட்டடமும் முன்பு முதியோர் இல்லம்தான்.

சிந்த் லூசியன்ஸ்டேக் சந்தில் போனால், நகரில் இடிக்கப்பட்ட வீடுகளிலிருந்து காப்பாற்றிய முகப்புக் கற்கள் வரிசையாகச் சுவரில் பதித்திருப்பதைப் பார்க்கலாம். கால்வர்ஸ்ட்ராட் வாசலைப் பார்த்துவிட்டு மேற்கே பத்து நிமிடம் நடந்தால் கைசர்ஸ்ஹ்ராஹ்ட் 384. எரிந்த நாடக அரங்கின் வாசல் இப்போது ஒரு விடுதியின் முகப்பு. ஒன்றில் 'தாங்கு' என்கிறது பாட்டு. மற்றொன்றில் 'பங்கு' என்கிறது. முன்பு இந்தப் பத்து நிமிட வழியில்தான் நாடகச் சீட்டுப் பணம் குழந்தைகளின் சமையற்கட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.